சோழர் காலத்து அறநிலையங்களும் அவை தம் நோக்கினை அறிவித்த முறையும்

அறஞ்செய்தல் ஒன்று, செய்த அறம் இன்னது, இன்னார்க்கு, இவ்வளவினது என உலகறியச் சொல்லி வைத்தல் பிறிதொன்று. ஊதியங் கருதாது பிறர் கொடையால் நடைபெறும் நிலையம் யாதாயினும், அதற்கு இவ்விரண்டாவது கடமையும் உண்டு. கொடுத்தவன் தன் பொருள் எவ்வழிச் செல்கின்றது என்று வினவுவான். பெறுவோன் தனக்குரியது எவ்வளவு என்று வினவுவான். நடத்துவோன் தன் பொறுப்பின் எல்லை யாது என்று வினவுவான். இம் மூவினாக்கட்கும் ஒருங்கே விடை கூறும் வகையில் ஓர் அறிவிப்பினை யாத்தல் எளிய செயலன்று. தமிழகத்தில் அதனைப் பெருவழக்காகவும் நுட்பமாகவும் செய்து காட்டியவை சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களாம்.

கல்வெட்டுக்களை ஆராய்ந்த நம்மவர் பெரும்பாலும் அவற்றின் முகப்பிலேயே நின்றுவிட்டனர். முதலாம் இராசராசனது எட்டாம் ஆட்சியாண்டளவில் தொடங்கிய மெய்க்கீர்த்தி மரபு, அரசியல் வரலாற்றுக்கும் மொழிநடை ஆராய்ச்சிக்கும் பெருவிருந்தாய் அமைந்தமையின் இவ்வாறு நேர்ந்தது போலும். மெய்க்கீர்த்தியை அடுத்து வரும் நிவந்தப் பகுதி, நெல்லும் நெய்யும் காசும் அடுக்கிய வெறுங் கணக்கெனக் கருதி ஒதுக்கப்பெற்றது. பொருளியல் வரலாறு எழுதுவோர் மட்டுமே அதனைத் தேடிச் சென்றனர். மெய்க்கீர்த்தி அரசன் பேசும் பகுதி. நிவந்தமே அறநிலையம் பேசும் பகுதி. தன் நோக்கினை அந்நிலையம் அளவுகளின் வாயிலாகவே கூறிற்று என்பதும், அவ்வளவுகளே அதன் மொழி என்பதும் எம் கருத்து. இதனைச் சில சாசனங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தஞ்சை இராசராசேச்சரத்தினின்று தொடங்குதல் தகும். தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில், கி. பி. 1010-ஐ ஒட்டி, இராசராசன் அரண்மனையில் இருந்து ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, ஏனைக் கொடையாளர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் விமானத்தில் கல்லில் வெட்டுக என்பது அதன் சாரம். தன் பெயரால் எடுத்த கோயிலில் தன் கொடையை மட்டும் பொறித்திருந்தால் வினவுவார் யார்? அவ்வாறு செய்யாது, பிறர் கொடையும் அதே விமானத்தில் இடம்பெறுமாறு அவன் பணித்தான். வரிசையில் அரசன் முதல்வன் என்பது உண்மையே. ஆயினும் அலுவலன் ஒருவன் எழுந்தருளுவித்த திருமேனியும் அடிமுதல் முடிவரை இத்தனை விரல் உயரமென அளந்து குறிக்கப்பெற்றுள்ளது.

அணிகலன்களை நிறுத்த முறை இன்னும் வியப்பிற்குரியது. பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணியணிகள் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பெற்றன. கோர்த்த சரடும், சட்டமும், செப்பாணியும் நீக்கி நிறுத்ததாகக் கல்வெட்டுக் கூறும். கொடையின் பெருமையைக் கூட்டிக்காட்ட விரும்புவோன் சரட்டையும் சேர்த்தே நிறுத்திருப்பான். தஞ்சைக் கணக்கர் அங்ஙனஞ் செய்திலர். முத்துக்களை எண்ணியதோடு அமையாது, அவற்றுள் வட்டமுத்து எவை, அனுவட்டம் எவை, குறுமுத்து எவை என்று இனமும் பிரித்தனர்; குறைபாடுடைய முத்துக்களின் வகைகளையும் மறைத்திலர். புகழ்ச்சிக்கும் அறிவிப்புக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்தே தெளிவாம்.

பணியாளரைக் கூறும் கல்வெட்டுக்களிலும் இம்முறையே காணப்பெறும். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கூறுங்கால் தெரு, சிறகு, வீட்டின் வரிசை, முன்னர் இருந்த ஊர்த்தளி, பெயர் என ஒவ்வொருவரையும் அடையாளங் காட்டுகின்றது சாசனம். ஒருவர்க்குப் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் 100 கலம். இவர்கட்கு மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம் நெல் வேண்டியிருந்தது என்பது இதனாற் போதரும். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனுமாக 50 பேர்க்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. இவருள் ஒருவர் இறப்பினும், வேற்றிடம் பெயரினும் அடுத்த உறவினர் அப்பணி செய்து நெற்பெறுக என்றும், உறவினர் தகுதியிலராயின் தக்காரைக் கொண்டு செய்விக்க என்றும் விதித்தமை குறிக்கத்தக்கது. பங்கு ஆளுக்குரியதன்று, பணிக்குரியது என்னும் கொள்கையை எத்துணை எளிதாக இவ்விதி அறிவித்துவிடுகின்றது! ஆளைப் பேணுதல் நோக்கமாயின் உறவினர் தகுதியை ஆராயவேண்டுவதில்லை. பாடல் இடையறாது நிகழ்தலே நோக்கமாதலின் ஆராய வேண்டிற்று.

நந்தாவிளக்குக் கொடைகள் பல்லாயிரமாகலின் அவற்றை விரித்தல் மிகையாம். ஒரு விளக்கிற்கு ஆடு 96. நாள் ஒன்றுக்கு நெய் உழக்கு. தஞ்சையில் ஆட்டிற்கு ஈடாகப் பசு 48 அல்லது எருமை 16 கொள்ளப்பட்டன. ஆண்டினை 360 நாளெனக் கொண்டு கணக்கிடின் விளக்கொன்றுக்கு வேண்டும் நெய் 90 நாழியே. ஓராட்டுக்கு ஆண்டில் ஒரு நாழிக்குங் குறைவாகவே நெய் கேட்கப்பட்டது என்பது தெளிவு. இடையனால் இயலாத சுமையை ஏற்றாது, அவன் குடும்பமும் அம்மந்தையால் வாழும்படி அளவினை அமைத்துள்ளனர். 'சாவா மூவாப் பேராடு' என்னுந் தொடரைச் சிலர் கவிதையழகாகக் கொண்டு வியப்பர். அஃது அழகுடைத்தே, எனினும் அதன் பொருள் கணக்கியலைச் சார்ந்தது. ஆடு இறக்கும், மூக்கும்; ஆனால் ஏட்டில் உள்ள 96 என்னும் எண் இறவாது, மூவாது. மந்தையின் பெருக்கத்தால் அவ்வெண்ணை நிறைவு செய்தல் இடையன் கடன். முதலை அழியாது வைத்துப் பயனை மட்டும் செலவிடுதல் என்னும் அறக்கட்டளை இலக்கணம் முழுவதையும் மூன்று சொற்களில் அடக்கியிருக்கின்றனர்.

இனித் திருமுக்கூடற் சாசனத்தைச் சிறிது விரிவாகக் காண்போம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே, காஞ்சிக்கு அணித்தாக உள்ள அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் (1063–1070) காலத்தில் பொறிக்கப்பெற்ற நெடுஞ்சாசனம் அது. கோயில் வழிபாடு, விழாக்கள், வேதமும் இலக்கணமும் பயிற்றும் கல்லூரி, மாணாக்கர் உணவு, வீரசோழன் என்னும் ஆதுலர் சாலை ஆகிய அனைத்திற்கும் நிவந்தம் வகுப்பது. ஆதுலர் சாலை பற்றிய பகுதியே நம் ஆராய்ச்சிக்கு ஏற்றது.

அதன்கண் 15 கட்டில்கள். மருத்துவன் ஒருவனுக்கு ஆண்டுக்கு நெல் 90 கலம், காசு 8. சல்லியக் கிரியை செய்வானுக்கு நெல் 30 கலம். மருந்துக்கு வேண்டும் மூலிகை கொணர்வார் இருவர்க்கு நெல் 60 கலம், காசு 2. நோயாளரைப் பேணி மருந்து அடும் பெண்டுகள் இருவர்க்கு நெல் 30 கலம், காசு 1. நாவிதனுக்கு 15 கலம். தண்ணீர் கொணர்வானுக்கு 15 கலம். நோயாளர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. ஓராண்டுக்கெனச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளாக வாசாகரீதகி, தசமூலகரீதகி, பில்வாதிகிருதம், கல்யாண லவணம், புராணகிருதம் முதலாக இருபதுக்கு அணித்தாயவை பெயருடன் சுட்டப்பெறுகின்றன.

கலத்துக்குக் குறுணி 12 என்னும் வாய்பாட்டால் இவற்றை நாட்கூலியாகப் பிரித்து நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலனாம். மருத்துவன் நாளொன்றுக்கு முக்குறுணி. சல்லியக் கிரியை செய்வானும் மூலிகை கொணர்வார் ஒவ்வொருவரும் குறுணி. பேணும் பெண்டுகளும் நாவிதனும் தண்ணீர் கொணர்வானும் நானாழி. அறுத்து மருத்துவஞ் செய்வானும் காட்டிற் சென்று வேர் பறிப்பானும் நெல்லளவில் ஒத்திருத்தல் இக்காலத்தார்க்கு வியப்பளிக்கும். அதனினும் வியப்பு, இரவெல்லாம் விழித்து நோயாளரைப் பேணிய பெண்டுகட்கு வேர் பறித்தவன் கூலியிற் பாதியே கிடைத்தமை. சாசனத்தை எழுதினோர் இதனை மறைக்கவேண்டும் என்று எண்ணினாரல்லர். அவர்க்கு அது மறைக்கத்தக்கதாகவே தோன்றியிராது. அளவினால் பேசும் அறிவிப்பு, பேசுவோன் அறியாமலே அவன் காலத்து மதிப்பீடுகளையும் வெளியிட்டு விடுகின்றது.

இச்சாலையைப் 'பொது மருத்துவமனை' என்று சில நூல்கள் குறிப்பிடுகின்றன. அஃது ஆராயாக் கூற்று. கல்லூரி மாணாக்கரும் கோயிற் பணியாளரும் நோயுற்றவிடத்து மருந்து பெறுதற்கு அமைந்தது அது என்பதே சாசனத்தின் அமைப்பை நோக்கிய ஆராய்ச்சியாளர் கொள்கை. இவ்வாறு கூறுதலால் அவ்வறத்திற்கு இழுக்கொன்றுமில்லை. 15 கட்டில் என்று எண்ணிச் சொன்ன நிலையம், உலகிற்கெல்லாம் மருந்தளிப்பதாக யாண்டும் கூறிற்றில்லை. அது கூறாத பெருமையை நாம் அதன்மேல் ஏற்றுதல் முறையன்று.

எண்ணாயிரத்துக் கல்லூரிச் சாசனமும் இவ்வகையதே. முதலாம் இராசேந்திரன் காலத்ததாகிய அது, இளமாணாக்கர் 270 பேரையும் மேனிலை மாணாக்கர் 70 பேரையும் ஆசிரியர் 14 பேரையும் வகுத்துரைக்கின்றது. இருக்கு வேதத்திற்கு 75, யசுர் வேதத்திற்கு 75, உரூபாவதாரம் என்னும் இலக்கணத்திற்கு 40 எனப் பாடந்தோறும் தொகை உண்டு. இளையார்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழியும், மூத்தார்க்குக் குறுணி இருநாழியுமாக நெல் கூறப்பட்டது. இரண்டையும் கூட்டின் நாளொன்றுக்கு 24 கலம் இருகுறுணியாகும். இதற்கெனவே 45 வேலி நிலம் வைக்கப்பெற்றது. நோக்கிற்கும் வருவாய்க்கும் உள்ள இயைபை எவரும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வடமொழிக் கல்விக்கே இத்துணையும் சென்றது, தமிழுக்கு இடமில்லை என்பதும் அக்கூட்டலால் நாம் அறிவதே. அதனை வருத்தத்தோடு குறித்துவிட்டு மேற்செல்வோம்.

இவ்வறிவிப்புக்களைக் கேட்டவர் யாவர் என்னும் வினா எழும். கல்லில் எழுதியவற்றைப் படிக்கும் ஆற்றல் ஊரார் அனைவர்க்கும் இருந்ததென்று கூறுதல் இயலாது. இதற்கு விடை செப்பேடுகளிற் கிடைக்கின்றது. ஆனைமங்கலச் செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளிக்கு, இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததனை அவை கூறும். அவற்றின் வடமொழிப் பகுதி சோழர் குலமுறையையும் கொடையின் சிறப்பையும் பாடுகின்றது. தமிழ்ப் பகுதியோ நிலம் 97 வேலிக்கு மேற்பட்டதென்றும், அதன் காணிக்கடன் நெல் 8943 கலமும் சில்லறையும் என்றும், எல்லை இவ்வாய்க்காலின் இப்பக்கம் என்றும் பேசுகின்றது. குலப்பெருமை எங்குங் கற்றோர்க்காக. எல்லையும் அளவும் அந்நிலத்தின்மேல் நடமாடுவோர்க்காக. எம்மொழியில் எதனைச் சொல்லவேண்டும் என்பதை ஓலை எழுதினோர் நன்கு அறிந்திருந்தனர்.

எழுத்தறியாதார்க்கு வேறொரு வழியுங் கையாளப்பட்டது. அரசன் திருமுகம் வந்தவழி நாட்டார் எதிர்சென்று தொழுது, அதனைத் தலைமேற்கொண்டு, பெண்யானையைச் செலுத்தி எல்லை வலம்வந்து, கல்லும் கள்ளியும் நாட்டினர். 'பிடி சூழ்தல்' என்று சாசனங்கள் இதனைக் கூறும். யானை நடந்த எல்லையை ஊர்ச் சிறுவரும் மறவார். ஏட்டில் உள்ள அறிவிப்பும் கண்ணாற் கண்ட அறிவிப்பும் ஒன்றற்கொன்று சான்றாயின.

கொடையாளர் தம் காலத்தாரை மட்டும் நோக்கிப் பேசினாரல்லர். சந்திராதித்தர் உள்ளவரை என்று காலவெல்லை வகுத்தனர். பன்மாகேசுவரர் காப்பு என்றும், சீவைணவர் காப்பு என்றும் அடியார் கூட்டத்திடம் அறத்தை ஒப்படைத்தனர். அழிப்போர்க்குச் சாபங் கூறிய வரிகளைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவற்றினும் சிறந்தனவாக எமக்குத் தோன்றுபவை, இவ்வறங் காத்தவர் திருவடி தம் தலைமேல் இருப்பதாக என்று கொடையாளரே கூறும் வரிகளாம். ஈந்தவன் உயர்ந்தோன், நடத்துவோன் ஏவலன் என்னும் எண்ணத்தை அவை தலைகீழாக்குகின்றன. இன்னும் பிறவாத ஒருவனை, பெயரறியாத ஒருவனை நோக்கி அரசனும் வணங்குகின்றான். பொருள் கொடுத்தல் ஒருநாட் செயல், நடத்துதலோ எந்நாளுஞ் செய்யவேண்டுவது என்னும் தெளிவு இவ்வணக்கத்தில் உள்ளது.

நடத்துவோர்க்கு வணக்கம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-இலும் 921-இலும் வகுத்த வாரிய விதிகளை நாமறிவோம். குடவோலை என்றவுடன் தேர்தல் முறையையே எல்லாரும் பேசுவர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குப் பெயர் பெறார் என்று அச்சபை கல்லில் வெட்டியது. அறநிலையத்தின் நற்பெயர் எதனால் நிலைபெறும் என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தமைக்கு இவ்விதி ஒன்றே சாலும்.

கல்லும் அழியக்கூடியது. கோயிலைப் பிரித்துக் கட்டுங்கால் என் செய்வது? திருமழபாடியில் இவ்விடர் நேர்ந்தது. அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்க இராசராசன் ஆணையிட்டபொழுது, அதிலிருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்திற் படியெடுத்து வைக்குமாறும் பணித்தான். இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டுங் கல்லிற் பொறிக்கப்பட்டன. பழைய கொடையாளர் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தும், அவர் கூறிய சொல் மாறாதிருத்தல் வேண்டும் எனப் பேணிய இச்செயலை நினைக்குந்தோறும், நம் காலத்துத் திருப்பணிகளில் சுண்ணமும் சிமெந்தும் பூசி மறைந்த அதிட்டான வரிகளும், இடம்மாறித் தலைகீழாய்ப் பதிந்த கற்களும் நம் நெஞ்சை உறுத்துகின்றன.

இத்துணையுங் கூறியவாற்றால் இச்சாசனங்கள் எல்லாவற்றையும் அறிவித்தன என்று கொள்ளற்க. கொடுத்தோன் குரலும் நடத்துவோன் கடமையும் அவற்றில் உள. பெற்றோன் குரல் இல்லை. திருமுக்கூடலில் 15 கட்டிலிற் கிடந்தார் எத்துணைப் பேர் எழுந்து சென்றனர் என்பது கல்லில் இல்லை. எண்ணாயிரத்தில் ஓதியவர் பின்னர் எவ்வூரில் என்ன ஆயினர் என்பதும் இல்லை. நிவந்தம் அறத்தின் அளவைக் கூறும், விளைவைக் கூறாது. நிலக்கொடைகளிற் பயிலும் 'குடிநீக்கிய' என்னும் ஒரு சொல் நம்மை இன்னும் ஆழ்ந்து எண்ணச் செய்யும். குடிநீங்காத் தேவதானமும் உண்டு. குடிநீக்கிய தேவதானமும் உண்டு. பின்னதில், முன்னர் அந்நிலத்தை உழுதிருந்தவர் உரிமை நீங்கியபின்னரே அறம் தொடங்கிற்று. அவர் எங்குச் சென்றனர் என்று எச்சாசனமும் பேசவில்லை. ஆயினும் நீக்கப்பட்டனர் என்னும் செய்தியையாவது ஒளியாது எழுதினர். அச்சொல்லும் இல்லையாயின் நாம் வினவவும் வழியின்றிப் போயிருக்கும்.

அறத்தின் நோக்கம் பொதுவிடத்தில் பொறிக்கப்படாது தனி ஆவணமாக நின்றவிடத்து நேர்வதனைப் பிற்கால வரலாறு காட்டும். 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார், கோயிற் பணிக்கும் பிற அறங்கட்கும் பெரும்பொருளைத் தம் இறுதி முறியால் ஒதுக்கினார். அப்பொருள் உறவினர் வழக்குக்களிற் சிக்கிப் பல்லாண்டு பயன்படாது கிடந்தது. நீதிமன்றத்தின் வாயிலாக மீட்கப்பெற்றபின், எஞ்சிய பொருளைக்கொண்டு அவர் பெயராற் சென்னையிற் பள்ளி தோன்றியது 1842-இல். இடைப்பட்டவை 48 ஆண்டுகள். யானை நடந்து காட்டிய எல்லையில் இத்துணை எளிதாக ஒருவரும் கைவைத்திரார் என்று எண்ணத் தோன்றுகின்றது. எனினும் சோழர் கால அறங்கட்கும் அழிவு நேர்ந்ததுண்டு ஆதலின் இவ்வொப்புமையை மிகவுஞ் செலுத்துதல் வேண்டா.

1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம், பதிவு பெற விழையும் ஒவ்வொரு கழகமும் தன் பெயரையும், குறிக்கோள்களையும், ஆட்சிக் குழுவினர் பெயர் தொழில் உறைவிடங்களையும் எழுதித் தருதல் வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் 1975-இல் இயற்றப்பெற்றது. குறிக்கோளை எழுதுக என்று சட்டம் கூறியதே தவிர, எவ்வளவு தெளிவாக எழுதவேண்டும் என்று கற்பிக்கவில்லை. கல்வி வளர்ச்சி, மருத்துவ உதவி, சமூக மேம்பாடு என மூன்று தொடர்களில் உலகனைத்தையும் அடக்கிவிடும் குறிக்கோள் ஏடுகள் நமக்குப் புதியன அல்ல. அவற்றின் அருகே, விளக்கொன்று இரவு முழுதும் எரிக என்றும் தண்ணீர் கொணர்வானுக்கு நெல் 15 கலம் என்றும் கூறும் திருமுக்கூடற் கல்லை வைத்து நோக்கின், எந்நிலையத்தைப் பற்றி நாம் மிகுதியும் அறிகின்றோம் என்பது தெற்றென விளங்கும்.

நிவந்தப் பகுதிகளைத் தனியே தொகுத்து, பணி, பணி செய்வார், அளவு, முதல், காப்பாளர், மாற்று ஏற்பாடு என்னும் நிரலில் அடைவு செய்யும் முயற்சி நம் துறைகளில் முழுமையாக நடைபெறல் வேண்டும். தஞ்சைக் கல்வெட்டுக்கள் ஹூல்சு அவர்களால் 1891 முதல் பதிப்பிக்கப்பெற்றமையின் அவை தொடக்கத்திற்கு ஏற்றன. குந்தவையார் தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு வைத்த மருத்துவக் காணியையும் திருமுக்கூடல் ஏற்பாட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடின், ஆதுலர் சாலைகளின் நிவந்தச் சொற்கள் ஒரு மரபாக வளர்ந்தவையா, அன்றி ஒவ்வோர் ஊரிலும் புதிதாக யாக்கப்பெற்றவையா என்பது தெரியவரும். மெய்க்கீர்த்திகட்கு அகராதி காணும் முதுகலை மாணவர்கள், 'நிசதம்', 'பொலியூட்டு', 'குடிநீக்கி' முதலிய சொற்கட்கும் ஆட்சியாண்டு வரிசையில் அடைவு தருவாராயின் இவ்வாராய்ச்சி மேற்செல்லும்.